லாரி வழிவிட்ட மலைத்தடம்

அண்ணி,

காலையிலிருந்து என் கைப்பேசி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் அழைக்கவில்லை. நம் கார்ட் பந்தய விளையாட்டுக் குழுவில் ஆளாளுக்கு ஒரு காணொளி அனுப்புகிறார்கள்; எதைத் திறந்தாலும் பாம், பாம் என்று ஒரே சத்தம். இராசிபுரத்தில் சேலை டிசைன் போடும் என் வேலையிடத்திலும் மேசைக்கு அடியில் வைத்து ஒன்று விடாமல் பார்த்துவிட்டேன். முதலாளி எட்டிப் பார்த்து, "ஏம்மா, லாரி ஸ்டாண்டுலயா உக்காந்து வேலை பாக்கற?" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்தச் சத்தத்துக்காகத்தானே இதே குழு உங்களை வாயை மூடச் சொன்னது!

நான் புருஷன் வீடு வேண்டாம் என்று நாமக்கல்லுக்குத் திரும்பி வந்தபோது, தெருவே வேடிக்கை பார்க்கத் தயாராக இருந்தது உங்களுக்கும் தெரியும். வாழாமல் வந்த நாத்தனாரும் அண்ணியும் ஒரே சமையலறையில் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் எல்லோருக்கும் கணக்கு. சண்டை வரத்தான் செய்தது. ஊர் எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு என்று சொல்லி வாங்கி, பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போனதும் நீங்களே பட்டா போட்டுக்கொண்ட அந்த வீடியோ கேம் பெட்டியின் முன்னால் வந்தது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஆளுக்கொரு கண்ட்ரோலரோடு உட்கார்ந்து, குட்டிக் குட்டி கார்ட் வண்டிகளில் ஏறி, ஒருவரை ஒருவர் சுவரில் மோதித் தள்ளுவோம். உப்புக்கும் புளிக்கும் சண்டை போட நமக்கு நேரமே இருந்ததில்லை.

நீங்கள் நல்ல ஆட்டக்காரி இல்லை, அண்ணி. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டுமாம். இந்த விஷயத்தில் என்னால் முடியாது. முழங்கையால் இடிப்பீர்கள். நான் முந்தப் போகிறேன் என்று தெரிந்தால், வைக்காத குக்கர் விசில் அடித்துவிட்டது என்று சொல்லி எழுந்து டிவியை மறைப்பீர்கள். ஜெயித்தால் மட்டும் வாசலில் கோலம் போடுகிறவளுக்குக்கூடச் செய்தி போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஹாரன். பகலெல்லாம் குட்டியானை வண்டியில் முட்டை அட்டைகளை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக் கடைகளுக்குப் போய்வருகிறவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வேன். காரவள்ளி தாண்டி வளைவுகள் தொடங்கினால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் நீளமாக ஒரு ஹாரன். மேலே இருந்து பதில் ஹாரன் வந்தால் ஓரம் கட்டுவீர்கள், வராவிட்டால் ஏறுவீர்கள். "முட்டை ஏத்திக்கிட்டு மலை ஏறுறவளுக்கு மொதல்ல ஹாரன், அப்பறந்தான் கண்ணு, பிரேக்கு" என்பீர்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கார்ட் ஆட்டத்தில் ஹாரனுக்கு ஒரு பட்டன் உண்டு. யாரும் அதைத் தொடுவதில்லை. நீங்கள் மட்டும், எதிரே ஒரு ஈ காக்கை வராத தடத்திலும், வளைவு கண்ட இடத்தில் எல்லாம் அமுக்குவீர்கள்.

குழுவில் எல்லோரும் சேர்ந்து ஆடும்போது எல்லோர் காதிலும் அது விழும். போர்வெல் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போகும் திருச்செங்கோட்டுத் தம்பிக்குத்தான் பொறுமை முதலில் போனது. "அக்கா, அந்தப் பட்டனுக்கு ஒரு வேலையும் இல்லீங்க. சும்மா அழகுக்கு வெச்சிருக்கான்" என்று குரல்பதிவு போட்டான்.

"அழகுக்கு வெச்சதத்தான் சாமி அமுத்துறேன். உனக்கு எங்க நோவுது?" என்று நீங்கள் பதில் போட்டீர்கள். அன்றிலிருந்து குழுவில் உங்கள் பெயர் ஹாரன் அக்கா. பாதிப் பேர் உங்கள் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆடினார்கள்.

புதுத் தடங்கள் வருகிற நாள் நம் வீட்டில் நோம்பி, பண்டிகைதான். குழுப் பையன்கள் அதை டிஎல்சி என்பார்கள்; உங்களுக்கு அது சரக்கு. "சரக்கு எறங்கிருச்சு, ஓடியா" என்று மாடிப்படியில் நின்று கத்துவீர்கள். தரவிறக்கம் முடிவதற்குள் குழுவில் தீர்ப்புகள் வர ஆரம்பித்துவிடும். இது சூப்பர், அது மொக்கை, இதுக்கா இத்தனை நாள் காக்க வெச்சான் என்று ஒரு சுற்றுகூட முடிக்காதவன் எல்லாம் எழுதுவான். உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பாயசம் வர்றதுக்கு முந்தியே பந்தியில இருந்து எந்திரிச்சுப் போயி, சமையல் செரியில்லங்கறானுக" என்று திட்டுவீர்கள். எல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு, விளையாட்டுக் கம்பெனியின் அறிவிப்புக்குக் கீழே ஒவ்வொரு முறையும் ஒரே கருத்தைப் போடுவீர்கள்: ஒரு மலை ரோடு விடுங்க, எதுத்தாப்புல லாரி வரோணும். அதற்கு விழும் ஒரே விருப்பக்குறி என்னுடையது. அதுவும் நீங்கள் தலையில் குட்டிப் போடச் சொன்னது.

போன வருடம் மாரில் கட்டி என்று சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அலைந்தோம். ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டேன். தனியாக ஆட எனக்குத் தெம்பில்லை. வீட்டில் சத்தம் இல்லாமல் போனது எவ்வளவு கொடுமை என்று உங்களிடம் சொல்லித்தான் அழ வேண்டும் போல இருந்தது.

இந்த மாதம் மறுபடியும் சரக்கு இறங்கியது. பனி ஊர் ஒன்று, கடலுக்கு அடியில் ஒன்று, இராத்திரிச் சந்தை ஒன்று, நான்காவதாக ஒரு மலை ரோடு. கொண்டை ஊசி வளைவுகள். எதிரே லாரி.

உங்களால்தான் வந்தது என்று நான் பெருமை அடிக்கப் போவதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்ததும் வேலையிடத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

குழுவோ கொதித்துப் போயிருந்தது. முதல் மூன்று தடங்களுக்கும் மாலை மரியாதை. மலைக்கு மட்டும் செருப்படி. வளைவில் திரும்பினால் லாரி, மோதினால் பள்ளம், மேலே வந்தால் அடுத்த வளைவில் இன்னொரு லாரி. "இது டிராக் இல்லீங்க, கெரகம்" என்றான் திருச்செங்கோட்டான். வெளிநாட்டுக்காரர்களும் அதையேதான் அவரவர் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டியது. கடைசியில் கம்பெனியே இறங்கிவந்து, ரசிகர்கள் கோபத்தை மதிக்கிறோம், அடுத்த அப்டேட்டில் லாரிகளை எடுத்துவிடுகிறோம் என்று அறிவித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, அண்ணி. நீங்கள் வருடக்கணக்காகக் கேட்டது. நீங்கள் இல்லாதபோது வந்தது. வந்த கையோடு அதைப் பிடுங்குகிறார்கள். லாரி இல்லாவிட்டால் அது என்ன மலை ரோடு? எடுக்காதீர்கள் என்று குழுவில் எழுதினேன். நீங்க மொதல்ல ஒரு சுத்து முழுசா ஓட்டிக் காட்டுங்க, அப்பறம் பேசுங்க என்று ஒருவன் பதில் போட்டான். நியாயம்தான். நான் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் துண்டை எடுத்தேன். என் கண்ட்ரோலரில் சார்ஜ் இல்லை. உங்களுடையதைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உங்கள் பச்சை வண்டி திரையில் வந்து நின்றது. முதல் வளைவில் லாரி அடித்தது. இரண்டாம் முறையும் அடித்தது. பையன்கள் சொன்னது சரிதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதை எப்படிக் காப்பாற்றப் போகிறேன் என்று மனம் சோர்ந்தது.

அடுத்த முறை ஏறும்போது வளைவின் சுவர் கண்ணில் பட்டது, மேலே என்ன வருகிறது என்று தெரியவில்லை, என் கட்டைவிரல் தானாகவே போய் அந்தப் பட்டனை அமுக்கிவிட்டது. நான் யோசித்துச் செய்யவில்லை. உங்கள் பக்கத்து சீட்டில் அத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்த உடம்பு செய்தது.

மேலே இருந்து லாரி பதில் ஹாரன் அடித்தது, அண்ணி!

அடித்துவிட்டு, வேகம் குறைத்து, விளக்கைச் சிமிட்டி, ஓரம் கட்டி நின்றது. நான் தாண்டும்போது டிரைவர் ஜன்னல் வழியாகக் கை காட்டினார். அதைப் பார்த்த திகைப்பில் நான் நேராகப் பள்ளத்தில் விழுந்தேன். போட்ட கூச்சலில் கீழே நம் முட்டை மண்டியில் அட்டை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணன் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். "ஒண்ணுமில்லீங்கண்ணா, லாரிக்காரன் வழி உடறான்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன், ஒவ்வொரு லாரியும் வழி. ஒன்றிலும் இடிபடாமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஏறிப் பார்த்தால் கீழே சமவெளி முழுக்க வெயில். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

காணொளியைக் குழுவில் போட்டேன். நம்பினால்தானே! தற்செயல் என்றார்கள், ஏதோ பிழை என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் ரிக் எந்திரம் உறுமுகிறது, அதற்கு மேல் திருச்செங்கோட்டான் கத்துகிறான்: "அக்கோவ்! நெசமாலுமே உடறானுங்க! கும்புட்டுப் போட்டு உடறானுங்க! நாங்க லாரிக்காரனுக, எங்களுக்குத் தோணலையே! ஹாரன் அக்கா இருந்திருந்தா எங்க மானத்த வாங்கியிருக்குமே!"

என் காணொளியை அவனே கம்பெனியின் அறிவிப்புக்குக் கீழேயும் போட்டான். அப்புறம் நடந்தது திருவிழா. மலேசியாவிலிருந்து ஒருவர், பாரிஸிலிருந்து ஒரு பெண், பெயர் வாயில் நுழையாத ஊர்களிலிருந்து யார் யாரோ. ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் எல்லாம் திரும்பி வந்து அழித்துவிட்டு ஐந்து போட்டார்கள். இந்த விளையாட்டிலேயே சிறந்த தடம் இதுதான் என்று இப்போது சத்தியம் செய்கிறார்கள். போன வாரம் சபித்த அதே வாய். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு உங்களைப் பற்றிச் சொன்னேன். அந்த வித்தைக்கு அண்ணி ஹாரன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அண்ணி என்றால் என்ன என்று பாரிஸ்காரி கேட்டாள். அண்ணன் மனைவி என்று எழுதினேன். எழுதிய பிறகு, அது ரொம்பக் குறைச்சலாகப் பட்டது.

நேற்றுக் கம்பெனி ஒரே வரியில் அறிவித்தது: யாராவது ஹாரன் அடிப்பார்கள் என்று காத்திருந்தோம், லாரிகள் அங்கேயே இருக்கும். உங்கள் மலை பிழைத்துவிட்டது, அண்ணி. ஜெயித்துவிட்டோம்.

அந்தச் செய்தியை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் இருந்தவரை அந்தப் பெட்டியின் பக்கமே வராதவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த மலையத்தான் எனக்குங் காட்டு" என்றார். என் கண்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன். எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தேன். பிறகு பந்தயம். அவர் பாதி மலை ஏறுவதற்குள் நான் முடித்துவிட்டேன். இன்னொன்று ஆடினோம், அதுவும் அப்படித்தான்.

அவருக்கு முகம் சுண்டிப் போனது. "சொந்த அண்ணனுக்கு ஒருக்கா உட்டுக் குடுத்தா கொறஞ்சா போயிருவ?" என்றார்.

"விருந்தாளிக்குத்தானுங்கண்ணா உட்டுக் குடுப்பாங்க. நீங்க ஊட்டு ஆளு."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் அன்று மண்டியில் இருந்தார். அதனால் சொன்னேன். நான் வந்த முதல் நாள் சாயங்காலம், கொண்டுவந்த பையைக்கூடப் பிரிக்காமல் கூடத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ட்ரோலரைக் கையில் திணித்து, என்னை ஈவு இரக்கம் இல்லாமல் தோற்கடித்தீர்கள். நான் அழுதேன். இன்றைக்காவது விட்டுக் கொடுத்திருக்கலாமே அண்ணி என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, அடுத்த பந்தயத்தைத் தொடங்கிவிட்டீர்கள். அது முடிந்ததும் நான் எழுந்துபோய், பையைப் பிரித்து, என் துணிகளை உங்கள் அலமாரியில் அடுக்கினேன். இந்த வீட்டில் நான் நிமிர்ந்து நடப்பது அன்றிலிருந்துதான்.

அண்ணன் முழுவதும் கேட்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "செரி, இன்னொருக்கா போடு" என்றார்.

போட்டேன். அதிலும் ஒரு முழுச் சுற்று வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தேன், அண்ணி.