தென்கரையில் எண்ணாத உள்ளான்கள்

குரோனிங்கன், நெதர்லாந்து
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இளவேனிலுக்கு,

நான் நலம். நெரவியில் வீட்டார் எல்லோரும் நலமா? வாட்ஸப்பில் ஒற்றை வார்த்தையில் தப்பித்துவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நம் அறிக்கை முடிந்துவிட்டது. அழிந்துவரும் பெரிய உள்ளான் பறவை குளிர்காலத்தில் நம் ஆற்று முகத்துவாரத்தில் எதைத் தின்கிறது, எந்தச் சேற்றில் இறங்குகிறது என்று போன நவம்பரிலிருந்து மார்ச் வரை பார்த்தோமே, அதுதான். நவம்பரில் இருவரும் பொறுக்கிய எச்சத்தை இங்கே லேபில் கழுவி மட்டி ஓடு தேடியது நான். கரைக்குப் போய் எண்ணியது நீ. வடகரையில்தான் மேய்கிறது, தென்கரைக்கு வருவதே இல்லை என்கிறது உன் கணக்கு. அதை நம்பித்தான், தென்கரையை மண் கொட்டி மேடாக்க ஆட்சேபம் இல்லை என்று அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஒரு சின்னச் சந்தேகம். மார்ச் 12 கணக்குத் தாளில், 'வடகரை முப்பத்தெட்டு, ஆள் நடமாட்டம் இல்லை' என்று இருக்கிறது. அன்று மாசிமகம். பெருமாள் தீர்த்தவாரிக்கு வந்து, வடகரையை ஒட்டிய பட்டினச்சேரிக் கரையே கூட்டமாகத்தானே இருந்திருக்கும்? தேதியை மாற்றிப் போட்டுவிட்டாயா, தூங்குமூஞ்சி?

உன்
ஜஸீலா


நெரவி
19 ஆகஸ்ட் 2025

ஜஸீலா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. தேதி மாறவில்லை. அன்று அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கூட்டத்தில் பெருமாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, மற்ற நாட்களைப் போலவே, தாளை நிரப்பினேன்.

தென்கரைக்கு டிசம்பரில் ஒருமுறைதான் போனேன். சேறு தொடை வரை இழுத்துவிட்டது. கத்தினால் கேட்க ஆள் இல்லை. பயமாக இருக்கிறது என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோழை என்று நினைப்பாயோ என்று பூஜ்யம் போட்டேன். அது சுலபமாக இருந்தது. பிறகு வடகரைக்கும் போகாமலே எழுதினேன். நீ என்னைச் சரிபார்க்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இளவேனில்


குரோனிங்கன்
2 செப்டம்பர் 2025

இளவேனில்,

அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். கணக்கு தவறு, சரிபார்க்காதது என் பிழை என்று அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன். விசாரணை வைக்கிறார்களாம். உன் பெயரைச் சொல்லவில்லை.

உன்னைக் கோழை என்று நான் நினைத்ததே இல்லை. இப்போது என்ன நினைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் எழுதாதே.

ஜஸீலா


நெரவி
11 அக்டோபர் 2025

ஜஸீலா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் பொறுத்துக்கொள். பதில் வேண்டாம்.

நேற்று விசாரணை. உன் வாப்பா முன்வரிசையில் இருந்தார். வெளிநாட்டுப் படிப்புக்காகப் பொய்க்கணக்கு கொடுத்தவள் என்று ஒருவர் உன்னைச் சொன்னார். வாப்பா எழுந்து, "எம்புள்ள அப்படிச் செய்யாதுங்க" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். வேறு எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் எழுந்தேன். "எழுதுனது நாந்தாங்க. போகாமலே வீட்ல உக்காந்து எழுதுனேன்" என்றேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். குளிர்காலம் முடியும்வரை மண் கொட்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் தென்கரையில் கால்வாசி ஏற்கெனவே தூர்ந்துவிட்டது. இனி வேறு ஆட்கள் எண்ணுவார்கள். என்னைச் சேர்க்கவில்லை, அது சரிதான்.

வாசலில் வாப்பா கூப்பிட்டார். திட்டட்டும் என்று நின்றேன்.

"ஜஸீலா நேத்து போன்ல பேசுனாம்மா. இளவேனில் வந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போடுங்க வாப்பா, அது சாப்பிட்டிருக்காதுன்னா. எதுக்குன்னு சொல்லல" என்றார்.

நான் போகவில்லை, ஜஸீலா. அவர் ரொம்ப நேரம் வண்டியைக் கிளப்பாமல் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

இளவேனில்