இரண்டாவது டம்ளர்

மார்ச் 4, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். வாசகர் வட்டத்தில் இவ்வளவு நாளும் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் படித்துவிட்டு, நடுவில் இருப்பதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நான் போவதே பிஸ்கட்டுக்கும் மின்விசிறிக்கும்தான். தையல் கடையில் துணி பறக்கும் என்று முதலாளி விசிறி போடவிடமாட்டார்.

இன்று நூலகக்காரம்மா பிடித்துவிட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்க? வரியைக் காட்டிச் சொல்லுங்க." அங்கே அதுதான் சட்டம். மனதில் பட்டதைச் சும்மா சொல்லக் கூடாது, எந்த வரி என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். நான் விரல் வைத்த இடத்தில் பதிப்பகத்தின் முகவரி இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

சரி, இந்த ஒன்றையாவது முழுசாகப் படிக்கிறேன். பழைய நாவல். கடலுக்குப் போன படகோட்டி திரும்பவில்லை. அவன் பெண்டாட்டி தினமும் பொழுது சாய்ந்ததும் கதவைத் தாழ் போடாமல் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

அக்கா இன்றும் இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள். தனக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று. செத்துப்போன அத்தானின் நாற்காலி முன்னால் சர்க்கரை தூக்கலாக ஒன்று. "அங்க போயும் அவரு சர்க்கரையைக் குறைக்கலையாக்கா?" என்று சீண்டினேன். வழக்கமாக அடிக்க வருவாள். வரவில்லை.

அவள் மகன் போனில் பேசினான். "சித்தி, அம்மாவுக்குப் புத்தி கலங்கிடுச்சு போல. அடுத்த ஞாயிறு வந்து பாக்கறேன். அப்படித்தான்னா ஒரு இல்லத்துல சேத்துடலாம்."

இல்லமாம். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது? சுவரோடா?

மார்ச் 9, ஞாயிறு

மிஷின் மேல் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டே தைத்தேன். ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கை.

மார்ச் 11, செவ்வாய்

வட்டம். அவள் கதவைத் திறந்துவைப்பது அன்பு என்றார் நூலகக்காரம்மா. பைத்தியம் என்றார் ஓய்வுபெற்ற வக்கீல். நான் கையைத் தூக்கினேன்.

"அன்புன்னா வாசலைப் பாத்துல்ல உக்காருவா? இந்தாங்க வரி — கதவுக்கு முதுகைக் காட்டி உக்காந்தாள்னு இருக்கு. ஒவ்வொரு தடவையும் முதுகுதான்."

"அதனாலதாம்மா பைத்தியம்ங்கறேன்."

"பைத்தியத்துக்கு வரி எதுங்கய்யா?"

தேடினார். கிடைக்கவில்லை. நான் இன்னொரு பக்கத்தைப் புரட்டினேன். கதை முழுக்க ஒரே ஒரு நாள்தான் அவள் தாழ் போடுகிறாள். மறுநாள் கதவின் வெளிப்பக்கம் கை எட்டும் உயரத்தில் ஈரம். அங்கே மழை என்று ஒரு வரிகூடக் கிடையாது. அதற்குப் பிறகு அவள் தாழ் போடவே இல்லை.

"அவ திறந்து வைக்கிறது அவன் வரட்டும்னு இல்லைங்க. தட்டக் கூடாதுன்னு."

பிஸ்கட் எடுக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

அக்கா அந்த நாற்காலியைப் பார்ப்பதே இல்லை. டம்ளரை வைக்கிறாள், முதுகைத் திருப்பிக்கொள்கிறாள். இத்தனை நாளும் அன்பு என்றுதானே நினைத்தேன் — எந்த வரியைப் பார்த்து நினைத்தேன்?

மார்ச் 13, வியாழன்

கேட்டேவிட்டேன். டீயைக் கூடத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள்.

"ஏன்க்கா தினமும் ஊத்தறே?"

"ஊத்தலேன்னா கேக்கறாரு."

அவ்வளவுதான் சொன்னாள். பாத்திரம் கழுவி முடித்து இருவரும் சேர்ந்தே கூடத்துக்குப் போனோம். டம்ளரின் அடியில் கரையாத சர்க்கரை மட்டும் இருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

மார்ச் 15, சனி

நாளை அவளைக் கூட்டிப் போய்விட்டால் டீ யார் ஊற்றுவது? நானா?

மார்ச் 16, ஞாயிறு

மகன் வந்தான். "சித்தி, மறைக்காமச் சொல்லுங்க. அம்மா எப்படி இருக்காங்க?"

"உன்னைவிடத் தெளிவா இருக்காடா. கலங்கிடுச்சுன்னு எதை வெச்சுச் சொல்றே?"

"அந்த ரெண்டாவது டம்ளர்?"

"வர்றவங்களுக்கு ஊத்தறா. இதோ, நீ வரலையா?"

சிரித்தான். அப்படியே அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த டீயை எடுத்து மடக்மடக்கென்று குடித்தும்விட்டான். "சர்க்கரை தூக்கல்மா," என்றான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். இல்லமெல்லாம் வேண்டாம், அம்மா இங்கேயே இருக்கட்டும் என்றான்.

அடுக்களையில் சர்க்கரை டப்பா கீழே விழுந்தது. நாங்கள் மூவரும் கூடத்தில் இருந்தோம். எறும்பு வந்துவிடும் என்று நான் போய்ப் பெருக்கினேன்.