‘வரி செலுத்தும் பெருமக்களே’ என்றதும் எழுந்து போனவர்கள்

ஒலிபெருக்கிக்கு அருகில் அமர்ந்து என் சொற்களை ஊருக்கு முன்பே கேட்ட காதர் அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. கேட்காமல் தொடங்கவும் மனம் வரவில்லை. நீங்கள் மறைந்தபின் நான் ஏறிய முதல் மேடையில் நடந்ததை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நாம் பாதியில் விட்ட வழக்கொன்றுக்கு அங்கே ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது.

அவிநாசிக் கூட்டம் நினைவிருக்கிறதா? வழக்கம்போல் “வரி செலுத்தும் பெருமக்களே!” என்று முழங்கித் தொடங்கினேன். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. கூட்டம் முடிந்து உங்கள் வண்டியில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஏற்றியபடியே நீங்கள் கேட்டீர்கள்: “ஏனுங்க அம்மணி, வரி கட்டாதவங்க எல்லாம் அப்பவே எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருக்கோணுமுங்களா?”

நான் விடுவேனா? கோடும் வரி, எழுத்தின் ஒழுங்கும் வரி, அரசுக்கு இறுப்பதும் வரி என்று பொருள் அடுக்கினேன். நீங்கள் அசரவில்லை. துடியலூர் வரும்வரை வழக்காடினோம். கடைக்குப் பதிவெண் வாங்கி, கணக்குக் காட்டி, வண்டிக்குச் சாலை வரியும் கட்டுகிற உங்களைப் போன்றவர்தாம் வரி செலுத்துவோர் என்பது உங்கள் கட்சி. தீப்பெட்டி வாங்குகிறவரும் செலுத்துகிறார். ஆதலால் என் விளிச்சொல் எல்லாரையும் அழைக்கிறது என்பது என் கட்சி. “நீங்க நெனச்சுச் சொல்றது இருக்கட்டுங்க. கேக்கறவங்க காதுல அப்படி உழுகுதுங்களா?” என்றீர்கள். மறுமொழி சொல்வதற்குள் என் வீட்டுத் திருப்பம் வந்துவிட்டது. நான் இறங்கிக்கொண்டேன்.

சென்ற மாதம் பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறை உரிமையாளர் சங்கத்தார் என்னை அழைத்தார்கள். அவர்களுடைய மனக்குறை பொய்யன்று. லேத் ஓடாத மாதத்திலும் மின்சாரத்துக்கு நிலைக்கட்டணம்; பட்டறைக்கு வரும் சாலையிலோ மழைக்காலத்தில் லாரி அச்சு முறிகிறது. கட்டுகிறவர்கள் நாங்கள், இலவசமாய்ப் போகிறவர்கள் வேறு யாரோ என்றார்கள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்திலிருந்தே தொடங்கிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நானும் இசைந்தேன். அரசின் செலவைக் கேள்வி கேட்பது என் தொழில்; அதில் எனக்குக் கூச்சமில்லை.

ஒலி அமைப்பு உங்கள் நசீமாதான். தந்தை கடையைத் தாங்குவாளோ என்று ஐயுற்றவர்களை எல்லாம் அவள் வாயடைத்துவிட்டாள். புதிதாகக் கம்பியில்லா ஒலிவாங்கி வாங்கியிருக்கிறாள். “மைக்கு மேடைய உட்டு எறங்கப்படாது” என்பது உங்கள் சட்டமல்லவா? அந்தச் சட்டம் அன்று மாலை முறிந்தது.

கூட்டத்தின் பின்புறம், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் வந்து அமர்ந்தார்கள். நான் எழுந்து, குரலை உயர்த்தி, “வரி செலுத்தும் பெருமக்களே!” என்றேன்.

அந்தப் பெண்கள் எழுந்தார்கள், அண்ணா. சோறு கொண்டுவந்த தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு, முன்னால் இருப்பவர்க்கு மறைக்காமல் குனிந்து, ஒருவர்பின் ஒருவராய் நடக்கத் தொடங்கினார்கள். சினமில்லை, எதிர்ப்பில்லை. தவறான பந்தியில் அமர்ந்துவிட்டவர்கள் இலையை விட்டு எழுவதுபோல் எழுந்தார்கள்.

ஏன் போகிறீர்கள் என்று மேடையிலிருந்தே கேட்டேன். ருக்குமணி என்பவர் திரும்பி, கையை அசைத்து ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. நசீமா என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்துபோய் அவரிடம் நீட்டினாள்.

“இது வரி கட்டறவங்க கூட்டமாமுங்க அக்கா. நாங்க ஓசி பஸ்ஸுல போறவங்க. நீங்க பேசுங்க, நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்.”

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை; உங்கள் கேள்விதான் வந்தது. இந்த வாரம் கடையில் என்னென்ன வாங்கினீர்கள் என்று அவரைக் கேட்டேன். சோப்பு, பிஸ்கட், மகனுடைய அலைபேசிக்கு ரீசார்ஜ் என்றார். அவற்றின் விலைக்குள் வரி இருக்கிறது, அதில் பாதி மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது என்றேன். அவர் போசியைக் கீழே வைத்தார். பிறகு, “அப்படீங்களா? அப்ப எங்க ஊட்டுக்காரரு குடிக்கறதுலயுமா?” என்றார். அதில்தான் மிகுதி என்றேன்.

“அப்பறம் என்னங்க ஓசி?” என்றார் அவர். “அந்த மனுசன் கடைல குடுத்துப்போட்டு வாரத, நான் பஸ்ஸுல கொஞ்சம் திருப்பி வாங்கிக்கறேன்.”

இப்போது சிரித்தது பின்வரிசை.

எழுதிவைத்த உரையை நான் பேசவில்லை. கணவனிடம் மதுக்கடையில் வாங்கி மனைவிக்குப் பேருந்தில் தருவது கொடையா, சில்லறை மாற்றா என்று கேட்டேன். அரசு இதை ‘விலையில்லா’ என்கிறது, ஊர் ‘ஓசி’ என்கிறது. விலையைச் செலுத்திவிட்டவரை எந்தச் சொல்லால் அழைப்பது? நிலைக்கட்டணம் கட்டுகிற பட்டறைக்காரரும் சோப்பு வாங்குகிற ருக்குமணியும் ஒரே குண்டுங்குழிச் சாலையில்தானே வீடு போகிறார்கள். சேர்ந்து கேட்டால் என்ன? செலவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே போகிறது என்று அறிய ஆவல், அவ்வளவுதான். இந்தக் கேள்விகளுக்கு விடை உங்களிடம் இருந்திருக்குமா?

சங்கத்தார் பண்பாடு குறையவில்லை. செயலாளர் எனக்குத் துண்டு அணிவித்து, “பிரமாதமுங்க. அடுத்த கூட்டத்துக்குச் சொல்லி உடறமுங்க” என்றார். நம் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். கோடைக்கு அவர்கள் தருவதாய்ச் சொன்ன மூன்று மேடைகளும் கைநழுவின. நசீமாவுக்கும் அந்த வாடகை போயிற்று. அது எனக்கு வலிக்கிறது. வருந்தினேன். அவளோ, “மைக்கு நல்லா கேட்டுச்சா, அதச் சொல்லுங்க அத்தை” என்கிறாள்.

வழக்கின் தீர்ப்பைச் சொல்கிறேன், கேளுங்கள். வரி செலுத்துவோர் எல்லாரும் என்ற என் கட்சி வென்றது. அது அவர்கள் காதில் அப்படி விழவில்லை என்ற உங்கள் கட்சியும் வென்றது. இருவரும் வென்ற வழக்கில் தோற்றது என் விளிச்சொல்.

அடுத்த மேடை மீண்டும் அவிநாசியில். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ருக்குமணியும் அவர் தோழியரும் வருவதாய்ச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள், அந்தக் கட்டணமில்லாப் பேருந்தில்தான். உங்களுக்கு நான் தரும் உறுதி இது: ‘பெருமக்களே’ என்று மட்டும் அழைப்பேன். பிறகு, யார் யார் வரி கட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, எல்லாக் கைகளும் உயரும்வரை பேசாமல் நிற்பேன். ஒலிவாங்கி அதுவரை மேடைக்குக் கீழே, அவர்கள் நடுவிலேயே இருக்கும்.

உங்கள் பெட்டிக்கு முன்னால் நின்று முழங்கி,
பின்னாலிருந்து கேள்வி வாங்கிய தங்கை,
அம்மணி