மணலில் இறங்காத தண்ணீர்

நலமாகத்தான் இருக்கிறோம் பாப்பா, நான், உன் அப்பா, ஆய்வகத்தில் சோதனைக்காக நான் வளர்க்கிற பெரிய மீன்கள், எல்லோரும். நீ போனில் கேட்டபோது மீன் குஞ்சுகளைப் பற்றி மட்டும் எனக்குச் சொல்ல வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே நகரத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்த பின் இப்போது ஓசோன் வாயுவும் செலுத்துகிறார்கள். நாற்றம் இல்லை, நிறம் இல்லை. மீன்கள் காற்றில் தொங்குவதுபோல இருக்கிறது. மதியத்தில் தொட்டிகளின் வெளிச்சம் கூரையில் அசைகிறது, பார்த்தபடியே கண் அசந்துவிடுகிறேன், விழித்தால் கண்ணாடிக்கு எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரிவதில்லை.

முன்பெல்லாம் ஊர் விழுங்கிய கருத்தடை மாத்திரைகளின் மிச்சம் தண்ணீரில் வந்து, ஆண் மீன்களின் இரத்தத்தில் முட்டைக்கான புரதம் ஊறியது, நீகூடச் சிரித்தாயே. அது நின்றுவிட்டது. நிலையத்துப் பொறியாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, இந்த ஓசோன் தண்ணீரை நாளையே ஆற்றுக்குத் திறக்க வேண்டும் என்கிறார். ஓசோனுக்குப் பிறகு தண்ணீர் இறங்கி வடிய வேண்டிய மணல் படுகை இன்னும் கட்டி முடியவில்லை. இவ்வளவு தெளிந்த தண்ணீருக்கு மணல் எதற்கு என்று எல்லோரும் நினைத்தோம், நானும்தான். ஓசோன் எதையும் இல்லாமல் ஆக்குவதில்லை, உடைக்கிறது. உடைந்த துண்டுகளை மணலில் வாழும் நுண்ணுயிர்கள்தான் தின்று தீர்க்கின்றன. ஆய்வகத்தில் சிறிய மணல் தொட்டி வழியாக விட்ட தண்ணீரில் பொரித்த குஞ்சுகள் மேலேறி நீந்துகின்றன. மணலில் இறங்காமல் நேராக வந்த தண்ணீரில் பொரித்தவை வயிற்றில் மஞ்சள் கருவைச் சுமந்துகொண்டு அடியிலேயே கிடக்கின்றன. சாகவில்லை. வளர மறந்ததுபோல. ஆற்றில் இது முட்டையிடும் காலம்.

பொறியாளரிடம் சொன்னேன். அட போங்கக்கா, சோம்பேறிக் குஞ்சுங்க, தானா எந்திரிச்சிடும், நீங்க தாலாட்டு மட்டும் பாடாம இருங்க என்றார். சிரித்துவிட்டேன். என் கையெழுத்து இல்லாமல் மதகு திறக்காது, அதனால்தான் இன்றைக்கு அக்கா, மற்ற நாளில் மேடம். உன் அப்பாவோ, ஊரே ஆத்து நாத்தம் போயிடும்னு ஜன்னலைத் திறக்கக் காத்துக்கிட்டிருக்கு, நீ ஒருத்தி குறுக்க நில்லு என்கிறார். சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். நான் நிறுத்தினால் ஓசோன் படாத பழைய தண்ணீரே ஆற்றுக்குப் போகும், ஆண் மீன்கள் பாவம். திறந்தால் குஞ்சுகள். இதை யாரிடம் சொல்வது, உன்னிடம்தான்.

ஈரத் தலையோடு வெளியே போகாதே. இரண்டு பேரும் நோய்நொடி அண்டாமல், மனம் குளிர்ந்து இருங்கள். அப்பாவின் பிறந்தநாளுக்கு மறக்காமல் பேசு.

உன் அம்மா

பி.கு.: எழுதிவிட்டுத் தொட்டிகளைப் போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் எழவில்லை. பொறியாளரைக் கூப்பிட்டு, மணல் படுகை முடியும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.