உடைந்த எட்டு

புதூர்நாடு,
வெள்ளி இரவு.

அன்புள்ள வெற்றி அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துக் கடலில் போட்டுவிடு. அப்பாவுக்குப் போன் செய்து எதையும் கேட்டுவிடாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். காலையில் என் வகுப்புத் தோழி பூஜாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்வேன்.

அம்மா நலம். சாமை அறுப்பு முடிந்தது. எனக்குக் காலாண்டுத் தேர்வு.

பலாமரத்துக் கொட்டகையில் அப்பா லேத்து போட்டிருக்கிறார் அல்லவா? பம்புசெட்டு சாமான் என்றுதான் உன்னிடமும் சொன்னார். சந்தவாசல் வியாபாரி தாண்டவராயன் மாமாவின் ஜீப்பில், புளி மூட்டைக்கு அடியில் பழைய வால்வுகள் வருகின்றன. உடைத்த கப்பல்களில் கழற்றியவை. அப்பா துருவைச் சுரண்டி, விரிசலில் எம்சீல் பசை அடைத்து, சாம்பல் பெயின்ட் அடிப்பார். நம்பர் பஞ்ச் என்கிற இரும்பு எண் அச்சை வைத்துச் சுத்தியலால் புது எண் தட்டுவது என் வேலை. "உன் கைதாம்மா நேரா நிக்குது" என்று அப்பா சொன்னபோது எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா?

போன வாரம் பெட்டியில் ஒட்டும் சீட்டைப் படித்தேன். உன் கப்பல் ரகத்தின் பெயர். கீழே, தீயணைப்புப் பம்பு வால்வு, புதியது.

பொங்கலுக்கு வந்தபோது நீதானே சொன்னாய்? உங்கள் ஃபிரிகேட் போர்க்கப்பலும் சேர்த்து ஒரே வரைபடத்தில் கட்டியவை ஏழு, ஒன்றின் சாமான் மற்றதற்கு அப்படியே பொருந்தும், செய்த கம்பெனியே இப்போது செய்வதில்லை, கிடைத்தால் புதையல் என்று. தீப்பிடித்தால் அந்தப் பம்புக்கு முதலில் ஓடுவது நீதான் என்றும் சொன்னாய்.

அப்பா ஏமாந்துவிட்டார் என்று நினைத்து ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நிமிரவில்லை. மாமாதான் சிரித்தார். "இன்னா குமரேசா, உம்பொண்ணு கப்பல்ல ஆபீசராயிடும் போலக்கீதே! ஏழு கப்பல் கீதும்மா. உங்கண்ணன் கப்பலுக்கேவா போவும்?" என்றார்.

அப்பா பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, "ஏழுல ஒண்ணுதானே அம்சா" என்றார்.

முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார், அண்ணா.

அம்மாவிடம் அழுதேன். "அவுருக்குத் தெரியாததா உனுக்குத் தெரிஞ்சிப்போச்சி? போய்ப் படி" என்றாள். அன்றிலிருந்து கொட்டகைக்குப் போகவில்லை. கை சுளுக்கு என்று சொல்லியிருக்கிறேன். அப்பா நம்பவில்லை.

கவனமாகப் படி. எங்கள் எண் அச்சில் எட்டு உடைந்தது. அதன் கீழ்ச்சுழி இடப்பக்கம் மூடாமல் திறந்தே விழும். எல்லா எண்ணிலும் எட்டு வரும். உன் பம்பு வால்வைத் தொட்டுப் பார். திறந்த எட்டு இருந்தால் அது நான் தட்டியது. அதை நம்பி நிற்காதே.

மற்ற ஆறு கப்பலிலும் யாருடைய அண்ணனோ இருக்கிறானே? எழுதும்போதுதான் தோன்றுகிறது. யாருக்கும் காட்டாதே என்று மேலே எழுதியதை அடித்துவிடு. கிழிக்காதே. உன் அதிகாரியிடம் காட்டு. தட்டியது நான்தான் என்று சொல். அப்பாவை மட்டும்

கதவைத் தட்டுகிறார். "இந்நேரத்துல இன்னா எழுதினு கீற அம்சா" என்கி