ஷோகேஸ் மேலிருந்த மாத்திரை

அன்பு மகன் நோயலுக்கு, மாதா உன் வீட்டுக்குத் துணையிருக்கட்டும். இங்கே சாப்பிட்டு எழுந்து நடமாடுகிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய். டிசம்பரில் வந்து குழந்தைக்கு ஞானஸ்நானம், டிரேவர் சித்தப்பாதான் ஞானத்தகப்பன் என்று போனில் சொன்னாய். போனில் பேசினால் பக்கத்தில் அப்பா இருப்பார், அதனால் எழுதுகிறேன்.

கொரோனா ஊரடங்குக்கு முந்தின சனிக்கிழமை வீட்டில் இருந்தது நான், உன் அப்பா, உன் அக்கா பிரிஜெட், டிரேவர், அவன் பெண்சாதி லவினா, வேறு யாருமில்லை. மலேரியா மாத்திரை இந்தப் புதுக் காய்ச்சலையும் விரட்டுமாம், டாக்டர்களே முழுங்குகிறார்களாம் என்று வைட்ஃபீல்ட் ஆபீசில் கேட்டுவிட்டு டிரேவர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். கொசுக்காய்ச்சல் மாத்திரைக்கு இங்கே என்ன வேலை என்று நான் அன்றைக்கே கேட்டேன், லவினா சிரித்தாள், அந்தச் சிரிப்பும் ஞாபகமிருக்கிறது. அதே மாத்திரையைத்தான் பிரிஜெட் மூட்டுவாதத்துக்கு வருஷக்கணக்காகச் சாப்பிட்டாள், ஹாலில் ஷோகேஸ் மேல் பிஸ்கட் டப்பாவில் இருக்கும். மறுநாள் டப்பா காலி. கடை கடையாக ஏறினேன், ஸ்டாக் இல்லம்மா, நல்லா இருக்கறவங்களே வாங்கி அடுக்கிட்டாங்க என்றார்கள், அத்திபெலே மருந்துக்கடையிலும் சொல்லிவைத்துப் பார்த்தேன். மாத்திரை வந்து சேருவதற்குள் அவள் விரல்கள் வீங்கிக் கோணிப்போயின, கோயிலில் ஆர்கன் வாசித்த கை இன்றைக்குப் பொத்தான் போட என்னைக் கூப்பிடுகிறது. பிறகு அது கொரோனாவுக்கு உதவவில்லை என்று டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். இனி எந்தக் காய்ச்சலுக்கு எதைச் சொன்னாலும் நம்பமாட்டேன், பிரிஜெட் டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று, சாவி என் இடுப்பில்.

இத்தனை நாள் லவினாவைத்தான் சந்தேகப்பட்டேன், அவள் கைப்பை பெரிது. போன வாரம் நீ போனை வைத்ததும், அந்த வீட்டார் கையில் பேரனைக் கொடுக்கமாட்டேன் என்றேன். உன் அப்பா பேப்பரை மடித்துவிட்டு, “தம்பி பயந்துட்டான் மேரி. ரெண்டு அட்டைதானே, எடுத்துக்கோன்னு நான்தான் சொன்னேன்” என்றார். இருந்ததே அந்த ரெண்டு அட்டைதான். அன்றைக்கு மீன் தீயுது போய்ப் பாரு என்று என்னை அடுப்படிக்கு விரட்டினார், போய்ப் பார்த்தால் மீன் உப்புமஞ்சளில் கிடந்தது, வயசான தடுமாற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

டிரேவரே ஞானத்தகப்பனாக இருக்கட்டும், உயிருக்குப் பயந்தவனோடு எனக்குச் சண்டையில்லை. வந்ததும் குழந்தையை முதலில் அக்கா மடியில் வை, அவள் விரல் பிடிகொடுக்காவிட்டால் நீ பிடித்துக்கொள், மறந்துவிடாதே. பிள்ளை நெற்றியில் என் பேரால் சிலுவை போடு, நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் இருங்கள்.

உன் அம்மா
சகாயமேரி

கட்டிய நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதினதில்லை. யாரை மன்னிக்கமாட்டேன் என்று உனக்குத் தெரியவேண்டும், அதற்காக எழுதுகிறேன்: இராஜமாணிக்கம்.