பாலத்தின் மேல் போட்ட மாலை

9-5-46, வியாழன். திண்டிவனம்

விடிந்ததிலிருந்தே அனல். கத்திரி முடிய இன்னும் நாள் பாக்கி. கிணற்றில் குடம் தரை தட்டுகிறது, சேறும் தண்ணீருமாக வருகிறது. வடிகட்டியே கை ஓய்ந்துவிட்டது.

நாளைக்குப் பாண்டி. எடுத்துக்கொள்ள: குமுதாவின் பச்சைப் பாவாடை, இவருக்கு வேட்டி, ஆரத்திக்கு ஆலம் கரைக்க மஞ்சளும் சுண்ணாம்பும், சூடம், வறுத்த மல்லாட்டைக் கடலை, கருவாடு. கருவாடு வேண்டாம் என்கிறார் இவர்.

"கடலாண்ட போறவ கருவாடு எடுத்துகினு போறா பாருன்னு ஊரே சிரிக்கும்டி அஞ்சல."

சிரிக்கட்டும். நான் சுட்ட கருவாடு இருந்தால் ஏழுமலைக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஏழுமலை வருகிறான். எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது. என் தம்பி ஏழுமலை சைகோனிலிருந்து கப்பலில் வருகிறான். குமுதா வயிற்றில் இருந்தபோது போனவன். அங்கே ஒரு பால் பண்ணையில் வேலை. சண்டை மூண்ட பிறகு கடிதம் நின்றுவிட்டது. இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் இத்தனை வருஷம். மாசியில் ஒரு கடிதம் வந்தது: உயிரோடு இருக்கிறேன், சித்திரைக் கடைசியில் கப்பலில் அனுப்புகிறார்கள். அவ்வளவுதான். அதைப் படித்த அன்று சோறு அடிப்பிடித்துக் கரிந்தது. இவர் ஒரு வார்த்தை திட்டாமல் கரிந்ததையே தின்றுவிட்டு பஸ் ஓட்டப் போனார். அதற்கே இவருக்குக் கோயில் கட்டலாம்.

சாயங்காலம் எதிர்வீட்டு ராசாத்தி வந்தாள். வழக்கமான பாட்டுதான்.

"பொண்ணுக்கு ஏழு வயசாவுது, இன்னும் மூளிக் காது. ஒன் பெரியப்பன் மவன் இருக்கான்ல, அவன் மடியில குந்த வெச்சிக் குத்திடேன்."

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, இடுப்பில் வைத்து வளர்த்தது நான். வேறு ஒருவன் மடியில் என் பெண்ணை உட்கார வைத்தால், தம்பி இல்லை என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி. மாட்டேன். இதை ராசாத்தியிடம் சொன்னதில்லை. "பாக்கலாம்" என்பேன், அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவாள்.


10-5, வெள்ளி. பாண்டி

கரியில் ஓடும் பஸ். பின்னால் அடுப்பு, கிளீனர் விசிறி சுற்றியே களைத்துப் போனான். மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். இவர் இன்று டிரைவர் இல்லை, பயணி. ஓட்டியவரைச் சும்மா விட்டாரா?

"மெதுவா திருப்புய்யா. கீர மாத்து. மாத்துன்றேன்ல."

"அண்ணே, நீங்க ஒரு நாளு லீவுல இருக்கறதுகூட எனக்கு பேஜாருண்ணே."

பஸ்ஸே சிரித்தது. இவரும்.

பிரெஞ்சு எல்லைச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள். கருவாட்டுப் பொட்டலத்தை மோந்து பார்த்த சிப்பாய் தலையைத் திருப்பிக்கொண்டு "போ போ" என்றார். இனி எல்லை தாண்டும்போதெல்லாம் கருவாடு கையிலிருக்க வேண்டும்.

சத்திரத்தில் ஒரு மூலை கிடைத்தது. பாய், குடிக்க நல்ல தண்ணீர், ஒரு ஜன்னல். போதும்.

சாயங்காலம் பாலத்துக்குப் போனோம். தாத்தா காலத்தில் வெள்ளைக்காரர் போட்டதாம், இன்னும் நிற்கிறது. இரும்புத் தூண்கள், மேலே பலகை, நடுவில் தள்ளுவண்டி ஓடத் தண்டவாளம். நிலத்திலிருந்து கிளம்பி, கடலுக்குள் நேராகப் போய், அங்கே சட்டென்று நின்றுவிடுகிறது. கப்பல் கரைக்கு வராதாம், தூரத்தில் நிற்குமாம். ஆட்களைப் படகில் கொண்டுவந்து பாலத்து முனையில் படிவழியே ஏற்றுவார்களாம். ஓரத்தில் மல்லாட்டை மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. நம் பக்கத்துக் கொல்லையில் விளைந்ததெல்லாம் இங்கேதான் வருகிறது போல. நான் மடியில் ஒரு பொட்டலம் வறுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்!

பலகை இடுக்கில் கீழே தண்ணீர் புரள்வது தெரிகிறது. எனக்குக் கால் கூசியது. பாதியில் நின்றுவிட்டேன். குமுதா ஓடியே போய்விட்டாள், இவர் பின்னாலேயே. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கத்தினேன். காற்று வாயில் உப்பை அடித்தது. தி.வனத்துக் கிணற்றுச் சேறு ஞாபகம் வந்தது. இவ்வளவு தண்ணீர், ஒரு குடம்கூட உதவாது.


11-5, சனி

கப்பல் வரவில்லை. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை.

பாலத்தில் பேசிக்கொண்டது:

"காஞ்ச எலை மாதிரி வர்றாங்களாம் எல்லாரும்."

"போன தபா கப்பல்ல என் மச்சான் வருவான்னு வந்தேன். பேரே இல்லைன்ட்டாங்க."

இதற்குப் பிறகு எனக்குப் பசிக்கவில்லை. ராத்திரி இவரோடு சண்டை. "வரலன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டுவிட்டார். கேட்கலாமா? இத்தனை வருஷமாக என்னையே நான் கேட்காத கேள்வி. திரும்பிப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, என் தலைமாட்டில் ஓலை விசிறி அசைந்தது. நான் தூங்கிய பிறகும் வீசியிருப்பார். மனிதருக்குப் பேசத் தெரியாது, அவ்வளவுதான்.


12-5, ஞாயிறு

கடற்கரையில் பாண்டு வாசித்தார்கள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள், குடை பிடித்த துரைசானிகள். குமுதா தாளத்துக்கு ஆடினாள், ஒரு துரைசானி கை தட்டினாள். பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று பாலத்தில் முனைவரை போனேன். கீழே பார்க்காமல், குமுதாவின் சடையை மட்டும் பார்த்துக்கொண்டே. முனையில் காற்று என்றால் காற்று! புடவை பாய்மரம் மாதிரி. அங்கே நின்றுதான் ஏழுமலை படியேறி வருவதை மனதில் பார்த்தேன். கோட்டு, முறுக்கிய மீசை, தாட்டியான உடம்பு. சண்டைக்கு முன்னால் அனுப்பிய போட்டோவில் அப்படித்தான் இருக்கிறான்.

பொழுது சாயும்போது யாரோ கத்தினார்கள். தூரத்தில் புகை. கப்பல்! பாலம் முழுக்க ஜனம் முனைக்கு ஓடியது. ஆளை நாளைக்குத்தான் இறக்குவார்களாம்.

கும்பிட்டேன். எந்தச் சாமி என்று இல்லை. கடலைப் பார்த்தே கும்பிட்டேன்.


13-5, திங்கள்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் மாலை வாங்கினோம், சம்பங்கி. வாழைப்பட்டையில் வைத்து நனைத்துக் கொண்டுபோனேன். செம்பில் ஆலம், கக்கத்தில் கருவாட்டு மூட்டை. பாலத்து முனையில் நெரிசல். இவர் குமுதாவைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

முதல் படகு வந்தது. வந்தவர்களில் ஏழுமலை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒட்டி உலர்ந்த ஒரு ஆள், காக்கிச் சட்டை, நரைத்த தலை, டிரங்குப் பெட்டியோடு படியேறி வந்து என் முன்னாலேயே நின்றுகொண்டார். எனக்கு எரிச்சல்.

"யோவ், தள்ளி நில்லுய்யா. தம்பிய பாக்க வுடாம மறைச்சிகினு நிக்கற."

அந்த ஆள் தள்ளிப் போய் மல்லாட்டை மூட்டைப் பக்கம் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தார்.

கடைசிப் படகு. படியில் முதலில் தெரிந்தது முறுக்கிய மீசை. பிறகு கோட்டு. தாட்டியான உடம்பு. அவ்வளவுதான், நான் நானாக இல்லை. ஆளை இடித்துக்கொண்டு ஓடினேன். கழுத்தில் மாலையைப் போட்டேன். சூடம் காற்றில் பற்றவே இல்லை. ஆலத்தைச் சுற்றும்போது பாதி அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. "வந்துட்டியா, வந்துட்டியா" என்று முகத்தைத் தடவினேன், கன்னத்தைக் கிள்ளினேன். சிரித்தேன், அப்படிச் சிரித்து எத்தனை வருஷமோ. அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. வாய் திறக்கவில்லை.

"அஞ்சல..." என்று இவர் என் கையைப் பிடித்தார்.

அப்போதுதான் அந்த மனிதர் சொன்னார். "அம்மா, நீங்க தேடறவரு நானில்லீங்க. எம் பேரு சவரிமுத்து."

படகெல்லாம் வந்தாகிவிட்டது. இனி வேறு படகு இல்லை. நான் பலகை மேல் உட்கார்ந்துவிட்டேன். இடுக்கில் தண்ணீர் தெரிந்தது, பயமே இல்லை. போய்விட்டான், என் பிள்ளை போய்விட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். யார் யாரோ சுற்றி நின்றார்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல். "எக்கா. மூட்டையில கருவாடா வெச்சிருக்கற?"

திரும்பினேன். காக்கிச் சட்டை.

நான் தள்ளிப் போகச் சொன்னது என் தம்பியை.

பல் நாலைந்து இல்லை. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, கால் மட்டும் வீங்கி. இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கட்டிப்பிடித்தால் எலும்பு குத்துகிறது. திட்டினேன், அழுதேன், மறுபடி திட்டினேன்.

"பாத்தவன் ஏன்டா கூப்புடல?"

"நீ திட்டுனதும் எக்காதான்னு தெரிஞ்சிபோச்சி. தள்ளிக்கச் சொன்ன, தள்ளிக்கினேன். கண்ணத் தொடச்சிகினு கூப்புடலாம்னு குந்தினேன். அதுக்குள்ள அவுருக்கு மாலையப் போட்டுட்ட. நீ சிரிச்சிகினு இருந்தியா... கெடுக்க மனசு வரல."

இப்படி ஒரு தம்பி. கடவுளே, நீ நல்லா இரு.

சவரிமுத்து மாலையைக் கழற்றி நீட்டினார். ஏழுமலை வாங்கவில்லை. "போட்டது போட்டதுதாண்ணே. நீங்களே வெச்சிக்குங்க." அவர் மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். இவர் சவரிமுத்துவின் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார். சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்.

சத்திரத்தில் சோறு, கருவாடு. சாப்பிடும்போதுதான் சவரிமுத்து சொன்னார். ஊர் கூட்டேரிப்பட்டு. சைகோனில் வாச்சுமேன் வேலை. சண்டைக் காலத்தில் இங்கே மனைவி வாந்திபேதியில் போய்விட்டாள், பிள்ளை இல்லை. வருகிறேன் என்று எழுதித் தெரிவிக்கவும் ஊரில் ஆள் இல்லை.

"நீங்க மாலை போடசொல்ல, அப்பவே தெரியும் தாயி, எனக்கில்லன்னு. ஒரு நிமிசம் எனக்கேன்னு இருக்கட்டுமேன்னு வாய மூடிக்கினேன். தப்புதான்."

அவர் இலையில் இன்னொரு துண்டு கருவாடு வைத்தேன்.


14-5, செவ்வாய். தி.வனம்

பஸ்ஸில் நாங்கள் ஐந்து பேர். மேட்டில் தள்ள ஏழுமலையும் இறங்கப் பார்த்தான், காலைக் காட்டி அதட்டி உட்கார வைத்தேன். மல்லாட்டையைத் தின்னப் பல் இல்லை. குமுதா இடித்துத் தூளாக்கிக் கொடுத்தாள். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

சவரிமுத்து தி.வனத்தில் வண்டி மாறினார். மாலை வாடிவிட்டது, கழற்றாமலே போனார்.

மழை வாசனை. வரவில்லை.


19-5, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் காட்டினோம். பழைய காய்ச்சல், சத்தில்லாத உடம்பு. தேறிவிடுவான் என்றார் டாக்டர். கேப்பைக் கூழ், முருங்கைக்கீரை, முட்டை. பக்கத்து வீடுகளிலிருந்து முட்டை தானாக வருகிறது. ராசாத்திகூட ஒரு கோழியே கொண்டுவந்தாள், கூடவே வாயும்.

"இப்பியாச்சும் குத்துவியா?"

"வெள்ளிக்கெழமை, மயிலம் கோயில்ல," என்றேன்.

ஏழுமலை தூங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். வேலை எல்லாம் அப்படியே கிடக்கிறது. கிடக்கட்டும்.


24-5, வெள்ளி. மயிலம்

விடியலிலேயே மலையேறினோம். ஏழுமலையை இவரும் சவரிமுத்துவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஏற்றினார்கள். சவரிமுத்துவுக்கு இவர்தான் பஸ்ஸில் போகும்போது சொல்லிவிட்டு வந்தார். என்னிடம் சொல்லவில்லை. கூட்டேரிப்பட்டுச் சாலையில் வெள்ளைச் சட்டையோடு காத்திருந்தார். ஆலம் கொட்டிய கறை இன்னும் போகவில்லை.

ஏழுமலை சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குமுதா அவன் மடியில். ஆசாரி ஊசியை எடுத்ததும் மலையே அதிரும்படி கத்தல். உதைத்தாள், பாவம், வீங்கிய காலில். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று பிடித்திருந்தான். வலது காது ஆயிற்று. நான் அழுததைக் குமுதா அழுததென்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஏழுமலை முகம் வெளுத்துவிட்டது. கால் மரத்துப்போயிருக்கிறது. ஆசாரி, "ஜல்தி, அடுத்த காதக் காட்டுங்க," என்கிறார்.

"சவரிமுத்தண்ணே," என்று கூப்பிட்டான் ஏழுமலை. தள்ளித் தூண் ஓரமாக நின்றிருந்தார். "இப்பிடி வந்து குந்துங்க. அடுத்த காது ஒங்க மடியில."

"நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரனாச்சே தம்பி. கோயில்ல எப்பிடி..."

"எக்கா மாலை போடசொல்ல அதச் சொன்னீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குமுதாவைத் தூக்கிக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். அவள் மீசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்தக் காதுக்குக் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டது அவர்தான்.

சவரிமுத்துவையும் கூட்டிக்கொண்டு வீடு திரும்பியதும் ராசாத்தி ஓடி வந்து காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்டி, இதுல எவரு மாமன்?"

"வலது காதுக்கு அவன், எடது காதுக்கு அவுரு," என்றேன்.